பெல்ட்டின் கடைசி முழம்

கானாடுகாத்தானில் ஒரு கார் நிற்கிறது,
போய்ப் பாருங்கள் என்றார் புதுக்கோட்டைப் பல் டாக்டர்.
ஜெர்மன் வண்டி. ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ.
ஓடியது பதினோராயிரம் கிலோமீட்டர்தானாம்.
"போட்டோவுல கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.
போட்டோவில் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.
என் பார்வைக்கு மூவாயிரம், பெட்ரோல் தனி.

கழனிவாசல் ஷெட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு
ஸ்கேனர், டார்ச், பெயின்ட் கனம் அளக்கும் கருவி,
கீழே விரித்துப் படுக்க ஒரு கோணி.
ஏழு மணிக்கே போய்விட்டேன்.
இன்ஜினைப் பச்சையாகத் தொட வேண்டும்.
முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால்
விற்கிறவர் எதையோ மறைக்கிறார்,
அல்லது உபசாரம் தெரிந்தவர்.
இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பானட் குளிர்ந்திருந்தது.

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு.
வண்டி முடிகிற பக்கம் நின்றது.
உண்ணாமலை என்று பெயர் சொன்னார்,
நிலையில் தலை இடிக்குமோ என்கிற உயரம்,
காதில் ஹெட்செட், யாருக்கோ மீட்டிங்கில் பதில் சொல்லிக்கொண்டே
சாவியை நீட்டினார்.
"அவுக பினாங்குல. வித்துரச் சொல்லிட்டாக.
நான் இதை ஓட்டினதே இல்லை."

கதவில் நூற்றிருபது மைக்ரான்.
பின்பக்கத்தில் முந்நூற்றெண்பது.
அடி வாங்கி, பட்டி வைத்து, பெயின்ட் ஏறிய இடம்.
(வீட்டுச் சுவரில் வைத்தால் என் கருவி ஒன்றும் சொல்லாது,
சுண்ணாம்புக்கு அது குருடு.)
ஸ்கேனரில் ஒரு பிழைகூட இல்லை.
ஒரு பிழைகூட இல்லாத வண்டியை நான் நம்புவதில்லை.
"முந்தாநாள் தேவகோட்டையிலேருந்து ஆள் வந்து
எல்லாம் சுத்தம் பண்ணிட்டுப் போனாரு.
அவுகதான் அனுப்பினாக."

சுத்தம் பண்ணுகிறவர்கள்
கார்ப்பெட்டைக் கழுவுவார்கள், சென்ட் அடிப்பார்கள்,
போல்ட்டின் துருவைக்கூடத் தேய்த்துவிடுவார்கள்.
சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்க
யாருக்கும் தோன்றாது.

இழுத்தேன்.
வழக்கமாக வெளியே வரும் நீளம் புதிது.
அதற்கும் அப்பால், சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி முழத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, மேலே பொடிச்சேறு.
விரலில் தேய்த்தேன்.
இந்த ஊர் மண் சிவப்பு.
வேட்டியில் பட்டால் வெளுக்கவே வெளுக்காத சிவப்பு.
இது வேறு ஊர், கூவம் வாடை.

"மெட்ராஸ் வெள்ளத்துல நின்ன வண்டிம்மா."
"மெட்ராஸ் போனதே இல்லையே."
"போன கார்த்திகை மழையா இருக்கும்."
"கார்த்திகையில அவுக பினாங்குலல்ல இருந்தாக?"
கேள்வி என்னிடம் இல்லை.
ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.
அதற்குள் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள்.

தண்ணீர் நாலு விரல்தான் ஏறியிருக்கும்.
சீட்டுக்கு அடியில் மோட்டார் தப்பித்ததா என்று பார்க்க வேண்டும்.
இது வழக்கமான சோதனை,
எந்த வண்டி என்றாலும் செய்வேன்.
ஒன்றாம் பட்டனை அமுக்கினேன்.
டிரைவர் சீட் பின்னால் போய்ச் சாய்ந்தது.
"அது அவுக வச்சது" என்றார்.

கை பழக்கத்தில் இரண்டையும் அமுக்கியது.

சீட் முன்னால் நகர்ந்தது,
நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை,
ஸ்டீயரிங்கை ஒட்டி வந்து
மெல்ல உயர்ந்து
முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றது,
ஐந்தடிகூட இல்லாத யாருக்காகவோ.

கொட்டகையில் ஒரு புறா இறக்கையை அடித்துக்கொண்டது.
நான் டார்ச்சை அணைத்தேன். பகலில் எதற்கு டார்ச்.
அவர் கதவைப் பிடித்தபடி
அந்தக் காலி சீட்டை
நான் பெயின்ட்டைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.
பிறகு, "காபி சாப்பிடுறீகளா?" என்றார்.
வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

டாக்டருக்கு வாசலில் நின்றே அனுப்பினேன்:
வெள்ளம் பட்ட வண்டி. பின்பக்கம் அடி.
கோடுகள் அழிக்கப்பட்டுள்ளன.
பாதி விலைக்கும் வாங்க வேண்டாம்.
சீட் மோட்டார் நன்றாக உள்ளது,
இரண்டு மெமரியும்.