மூன்று எழுத்துக்குக் காசு

எழுத்துக்கு நாற்பது ரூபாய் என்றேன்.
சலோமியிடம் நூற்றிருபது இருந்தது,
பாதி சில்லறையாக.

மாட்டுக்கறி ஆறெழுத்து. கட்டாது.
பீஃப் மூன்றுதான்,
ஆனால் அந்த மூன்றும் என் சுவரில் ஏறக்கூடாது
என்றாராம் கட்டட ஓனர்.
வாரம் இரண்டு முறை
அவர் வீட்டுத் தூக்கு இங்கேதான் நிரம்புகிறது.

"வர்றவங்க இன்னான்னு கேப்பாங்க?"
"சங்கு கீதான்னு கேப்பாங்க."

பேரணாம்பட்டில் தோல்ஷாப் சங்கு
எட்டு மணிக்கு ஊதும்போது குண்டானை ஏற்றுவாள்.
எண்ணெய் கிடையாது.
வாஜித் பாய் கடைக் கொழுப்பு உருகி,
அதில் தோலுரிக்காத பூண்டு வெடித்து,
அம்மியில் நைத்த வரமிளகாயும் தனியாவும் சிவந்து
அப்புறம்தான் கறி. தண்ணீர் அரைச் சொம்பு.
மூடிமேல் தணல்.
பத்து மணி டீ சங்குக்கு
வி.கோட்டா பஸ்ஸில் வந்த புளிச்சக்கீரை, இரண்டு கை.
பன்னிரண்டு சங்குக்கு இறக்கம்.
நடுவில் யார் கேட்டாலும் திறக்கமாட்டாள்.

கடைசியாக மிளகும் கல்பாசியும் வறுக்கும்போது
கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"வாசன வந்துச்சாண்ணா?"

பதினொரு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவள்.
மூக்கு எப்போது போனதென்று
அவளுக்கே தெரியாது.
ஒருநாள் பால் தீய்ந்து
பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தபோதுதான் தெரிந்ததாம்.

எனக்கோ முப்பது வருஷ டர்பன்டைன்.
"தெரியலம்மா" என்றேன்.
இரண்டு பேரும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
தெருவில் சைக்கிளில் போன ஒருவன்
பெடலை நிறுத்தித் தலையைத் திருப்பினான்.
"வந்துட்ச்சு" என்று குண்டானில் கொட்டினாள்.

ச. ங். கு.
"புள்ளிக்குத் தனிக் காசா?"
"இல்லம்மா."
மிச்சப் பெயின்ட்டில் ஏதாவது வரையட்டுமா என்றேன்.
மாடு வேண்டாம், வம்பு என்றாள்.
ஆலைச் சங்கை எப்படி வரைவது?
அது ஒரு துருப்பிடித்த குழாய்.
கடல் சங்கு ஒன்று வரைந்தேன், வெள்ளையில்,
கொஞ்சம் நீல நிழல் கொடுத்து.
அழகாகத்தான் வந்தது. அதுதான் தப்பு.

மறுவாரம் நாமம் போட்ட பெரியவர் ஒருவர்
ஆம்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து
பெஞ்சில் உட்கார்ந்து இலை கேட்டாராம்.
"சாமி, இது வேற சங்கு" என்றிருக்கிறாள்.
அவர் போர்டைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார்,
தொடை தட்டிச் சிரித்தார்.
ஒரு சொம்பு தண்ணி மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம்.

இதை என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டாள்.
சொல்லும்போது சிரிப்பில்லை.
தனக்கு இல்லாத மூக்கால்
ஊரில் இருக்கிற எல்லா மூக்கையும் கவனிப்பவள்.
"தண்ணி குடிச்சிட்டு எழுந்தாருண்ணா.
குண்டானத் தாண்டித்தான் போவணும்.
பார்த்துக்கினே இருந்தேன்.
கை
மூக்குக்குப் போவல."