மைனஸ் ஒன்பது

திமிஷ்வாரா நகரத்து ட்ராம் ஒன்றில்
கதவு திறக்க மறுக்கிறது,
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மட்டும்.
ஒன்பது மணிக்குச் சமர்த்தாகத் திறந்துவிடுகிறது.
டிப்போவிலிருந்து வந்த சீட்டில்
வியோரெல் இரண்டே சொல் எழுதியிருந்தார்:
உங்கள் போர்டு.

கழற்றி அனுப்பியதை மேசையில் வைத்தேன்.
இருபத்திரண்டு டிகிரி அறை, ஆறிப்போன காப்பி,
சோதனைப் பெட்டியில் பச்சை விளக்கு.
மறுபடி பச்சை.
நாற்பது தடவை பச்சை.
டாக்டர் வாசலைக் கண்டதும்
காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி
என் முன்னால் அதற்கு ஒரு நோவும் இல்லை.

பென்சிலின் பின்முனையால் தட்டினேன்.
மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்கினேன்.
லென்ஸை இழுத்துவைத்து
ஒவ்வொரு காலாகப் பார்த்தேன்.
ஈயம் கலந்த காலத்தில் பளபளப்பே சாட்சி சொல்லும்.
இப்போதைய பற்றாசு
நல்லதும் மங்கல், கெட்டதும் மங்கல்.

நள்ளிரவு தாண்டி
குளிர்த் தெளிப்பானை எடுத்தேன்.
தபால்தலை அளவு, தபால்தலை அளவாக
போர்டின் மேல் பனி பூசிக்கொண்டே போனேன்.
மின்தேக்கிகள், பச்சை.
ரிலே, பச்சை.
கனெக்டரின் ஏழாம் கால்.
சிவப்பு.

தரையோடு சேர்கிற கால் அது.
உள்ளடுக்கில் முழுப் போர்டு அகலத்துக்குச் செம்பு,
நடுவில் ஒரு தடையும் வைக்காமல் வரைந்துவிட்டார்கள்.
அத்தனை செம்புக்கும் நம் முனைச் சூடு
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
பற்றாசு மேலே குவிந்து நின்றதே தவிர
துளைக்குள் இறங்கவேயில்லை.
ஒட்டினாற்போல் ஒரு ஒட்டாமை.
குளிரில் அந்தக் கால் மயிரிழை சுருங்கும்.
அந்த மயிரிழைக்குள்தான்
வேலைக்குப் போகிற ஒரு கூட்டம்
கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது.

யார் கை?
பதிவேட்டைப் புரட்டினேன்.
நவம்பர் பதினொன்று, மேசை மூன்று, எமெஷெ.
அவளைக் கூப்பிட எழுந்தவள்
மேல் வரியையும் படித்துவிட்டு உட்கார்ந்தேன்.
"முனை வெப்பம் 380லிருந்து 330.
காரணம்: முனைகள் சீக்கிரம் அரிக்கின்றன."
கீழே வாலை மடக்கிய ஒரு கையெழுத்து,
பத்து வருடமாகச் சம்பள ரசீதில் நான் போடுவது.
முனைக்கு அறுபது லேய் மிச்சம்.
அந்த மாதம் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

எமெஷெ தானாகவே வந்து எட்டிப் பார்த்தாள்.
ஏழாம் காலா, என்றாள்.
உனக்கு எப்படித் தெரியும்?
அன்றைக்கே சொன்னேனே, சூடு போதவில்லை என்று.
சோதனையில் பச்சை வருகிறது, போ என்றீர்கள்.
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
முடியைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

அலமாரியில் இருந்த இருநூற்றுப் பதினான்கையும் இறக்கினோம்.
அடியிலிருந்து நூற்றிருபது டிகிரி வரை இளக்கி,
ஒரு சொட்டு ஃப்ளக்ஸ்,
தட்டையான அகல முனை.
வாய்க்குள் ஹங்கேரிய மொழியில் எண்ணுகிறாள்.
அவள் ஐந்து என்கிற நேரத்தில்
மறுபக்கத்தில் மெல்லிய வெள்ளி வளையம்
தலையை நீட்டுகிறது.
திருப்பிக் காட்டுகிறாள்.
பார்த்தேன் என்கிறேன்.
அடுத்தது.

இன்னும் முப்பத்தாறு ஊருக்குள் ஓடுகின்றன.
எந்தெந்த வண்டியில் என்று
வியோரெலுக்கும் தெரியாது.

ஐந்தே முக்கால்.
ஷிஃப்ட் முடிந்து நாங்கள் இருவரும் நிறுத்தத்தில்.
மீசையில் பனி கட்டிய ஒரு ஆள்,
ரொட்டிப் பையோடு இரண்டு பெண்கள்.
மஞ்சள் விளக்கோடு ட்ராம் வந்து நின்றது.
பொத்தானை அழுத்தினேன்.

பக்கத்தில் எமெஷெ
எண்ண ஆரம்பித்திருந்தாள்.

பின்னாலிருந்து மீசைக்காரர் சொன்னார்:
கொஞ்சம் பலமாக அழுத்துங்கள் அம்மா,
இதெல்லாம் இப்படித்தான்.