இருபத்தேழரை ஆண்டு

டொலீடோவில் பிப்ரவரி.
சாலையோரப் பனி கறுத்துக் கிடக்கிறது.
பள்ளி உணவுக்கூடத்தில் தட்டு கழுவி முடித்த கையோடு
லோர்னா சபாடோஸ் வந்திருக்கிறாள்
நஜீப் தர்வீஷின் கணக்கு அலுவலகத்துக்கு.
மடியில் ஒரு ரொட்டிப் பை,
அதற்குள் ஓராண்டு ரசீது.

சில வெளுத்துவிட்டன.
ஹீட்டர் மேல் வைத்ததால்
நாற்பது டாலர் குழாய் ஒன்று
வெறும் வெள்ளைத் தாளாகிக் கிடக்கிறது.
"இது என்ன?"
"குழாய். மாடிச் சமையலறைக்கு."
"தாள் அப்படிச் சொல்லவில்லையே."
"நான் சொல்கிறேன்."
நஜீப் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான்.
வங்கிக் கணக்கில் தேடலாம் என்கிறான்.

இரண்டு குடித்தன வீடு.
கீழே இவள்; மேலே ஓடெல் ப்ரூயிட்டும் மகளும்.
கட்டிய ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு.
நூறு பனிக்காலம் பார்த்த அந்த மரத்துக்கு
அரசாங்கம் விதித்த ஆயுள்
வாடகைக்கு விட்ட நாளிலிருந்து இருபத்தேழரை ஆண்டு.
(ஏழரை நமக்குத் தெரியும்.
இது அதற்கு மேலும் இருபது.)
வருஷா வருஷம் வீடு கொஞ்சம் சாகிறது, தாளில்.
செத்த அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம்.
மண்ணுக்கு மட்டும் தேய்மானம் கிடையாது
என்று நஜீப் சொன்னபோது
"அதையாவது சரியாக எழுதியிருக்கிறார்கள்" என்றாள்.

கூரைக்கு வந்தார்கள்.
அக்டோபரில் மாற்றியது. பதினோராயிரம்.
ஒட்டுப் போட்டிருந்தால் அது பழுதுபார்ப்பு,
இந்த ஆண்டே எழுதித் தீர்த்திருக்கலாம்.
முழுக்கப் பிரித்துப் போட்டதால் மேம்பாடு.
வகுத்தான்: ஆண்டுக்கு நானூறு.
"அதிலும் பாதிக் கூரை உன் தலைக்கு மேல்.
ஆக இருநூறு.
இந்த ஆண்டு அதுவும் முழுசாக இல்லை,
அக்டோபரிலிருந்துதானே."
மழைக்கு இந்தப் பாதி தெரியுமா
என்று கேட்க வாயெடுத்தவள் விட்டுவிட்டாள்.
மனசுக்குள் வேறொன்றைக் கூட்டிக்கொண்டிருந்தாள்,
ஐம்பத்தேழையும் இருபத்தேழரையையும்.
இந்தக் கூரை கணக்கில் தீரும்போது
எண்பத்து நாலரை.

"ஓடெல் கொடுத்த முன்பணம்? எண்ணூறு.
அது என் வருமானமா?"
"திருப்பித் தரும் எண்ணம் இருக்கும்வரை இல்லை."
எண்ணத்துக்கெல்லாம் படிவத்தில் இடமிருக்கிறது,
பரவாயில்லை.

பிறகு அந்த டிசம்பர் இரவு.
மாடிக் குழாய் உறைந்துபோயிற்று.
ஓடெல் கண்ணாடித் தொழிற்சாலையில், இரவு ஷிஃப்ட்.
அவன் மகள் ரோஷெல் டார்ச் பிடிக்க
சிங்க்குக்குக் கீழே மல்லாந்து படுத்து
ஹேர் டிரையரால் ஊதி ஊதி உருக்கினாள்,
இரண்டரை மணி நேரம்.
பிளம்பர் கேட்டது நானூற்றைம்பது.
"இதை எங்கே எழுதுவது?"

"எழுத முடியாது, லோர்னா.
அவனுக்குக் கொடுத்திருந்தால் செலவு.
கொடுக்காததை எப்படிக் கழிப்பது?"

நகைக்கடைக்காரன்கூட
செய்கூலி, சேதாரம் இரண்டும் போடுவான்.
இந்த வீட்டுக்குச் சேதாரம் மட்டும்தான்.

"சரி, ஹேர் டிரையர்?"
"வாடகை வீட்டுக்கென்று வாங்கியதா?"
"என் தலைக்கு வாங்கியது."
"விடு."

எழுந்திருக்கும்போது கேட்டாள்,
பக்கத்து வீட்டுக்காரன் விற்றுவிட்டுப் போனதை நினைத்து:
"நானும் விற்றால்?"
"இத்தனை ஆண்டு செத்ததாகச் சொன்னோமே,
அவ்வளவும் எழுந்து வந்து பங்கு கேட்கும்.
நீ எழுதாமல் விட்டிருந்தாலும் கேட்கும்."

காரில் ஏறியதும் நோட்டை எடுத்தாள்.
தேதி. மைல். போன காரணம்.
வழியில் இறங்கி உப்பு மூட்டை ஒன்று,
ஆறு டாலர் நாற்பது;
கடைப் பையனிடம் ரசீதை
இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

வாசல் படி கண்ணாடியாய் இறுகியிருந்தது.
மாடிக்குப் போகிற படி, தன் படி,
எது எவ்வளவு சதவீதம் என்று பாராமல்
கைநிறைய அள்ளி வீசினாள்.
மேலே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்.

உள்ளே வந்து ஹீட்டரை ஒரு பார்வை பார்த்தாள்.
அப்புறம் உப்பு ரசீதை
ஃப்ரீசரில் வைத்தாள்,
பட்டாணிக்குப் பக்கத்தில்.