ஐந்து நாள் பாக்கி

விடைத்தாள்கள் போய்விட்டன.
மதிப்பெண்களைக் கணினி விழுங்கிவிட்டு
வாயை இறுக மூடிக்கொண்டது.
பாடநூல்களை எண்ணி அடுக்கியாயிற்று;
ஒன்றில் மட்டும், செல் பிரியும் பக்கத்தில்,
இரண்டு செல்களுக்கும் யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

இன்னும் ஐந்து நாள் பாக்கி.
திங்களன்று திமிங்கிலப் படம் ஒன்று போட்டேன்.
அறையில் திமிங்கிலம் மட்டும் விழித்திருந்தது.

செவ்வாயன்று உடற்பயிற்சி அறையிலிருந்து
ஆறு ஹூலா வளையங்கள் கடன் வாங்கினேன்.
"எறியுங்கள். விழுந்த இடத்தில்
வளையத்துக்குள் உயிருள்ளவை எத்தனை, எண்ணுங்கள்."
"இதற்கு மார்க் உண்டா?" என்றாள் டெல்ஃபின்.
"இல்லை."
"பிறகு எதற்கு?"
பத்தொன்பது வருடமாக வகுப்பெடுக்கிறேன்.
வளையத்தை அவள் கையில் கொடுத்தேன்.

மொன்டானாவின் ஜூன் காற்று
வளையங்களைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப்போயிற்று.
டான்டெலியன் பதினான்கு. க்ளோவர். ஒரு வண்டு.
எறும்பைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதா,
புற்றுக்கு ஒன்றாகவா என்று
இரண்டு பேருக்குள் சண்டை மூண்டது.
எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

காலன் லமேர் தன் வளையத்துக்குள்ளேயே படுத்துக்கொண்டான்.
"உயிருள்ளது ஒன்று. எழுதிக்கொள்ளுங்கள்."
எழுதிக்கொண்டேன்.

அப்போது புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு
வெர்லின் ஸ்ட்ரோ இறங்கி வந்தார்.
"அந்த ஓரம் மட்டும் எறியாதீர்கள்."
ஓடுதளத்துக்கு அப்பால் சரளைக்கல்.
இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள்.
நடுவே ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தோம்,
நான்கு கற்கள் முட்டைகளாக மாறும்வரை.

கில்டீர், கில்டீர் என்று
தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு
ஒரு பறவை எங்கள் காலடியில் விழுந்தது.
ஒரு சிறகு முறிந்து தரையில் இழுபட,
வால் செம்மஞ்சளாக விரிய, தத்தித் தத்திப் போயிற்று.
"ஐயோ, அடிபட்டிருக்கு!" கேசீ பின்னாலேயே ஓடினாள்.

"பொய்," என்றான் காலன்.
எப்போது எழுந்து வந்தான், தெரியாது.
"நீ நின்றால் அதுவும் நிற்கும், பார்."
நின்றாள். நின்றது. திரும்பிப் பார்த்தது.
மறுபடி முறிந்தது.
"கணக்குத் தேர்வன்றைக்கு எனக்கு வயிற்றுவலி வரும் இல்லையா?
நர்ஸ் பார்க்கும்போது மட்டும்தான் முனகணும்.
இது என்னைவிடக் கெட்டி."

விலங்கு நடத்தை, பதினோராவது கேள்வி:
அவன் தாளில் அது வெற்றிடம்.
கணினியோ இனி வாய் திறக்காது.

புதனும் வியாழனும் யாரும் படம் கேட்கவில்லை.
பார்வையாளர் படிக்கட்டில் தூரமாக உட்கார்ந்து
பறவை எத்தனை முறை எழுந்தது, எதற்காக என்று
ஒரு பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்தார்கள்.
நாய்க்கு ஒரு நடிப்பு, வண்டிக்கு வேறு நடிப்பு.
டெல்ஃபின் கோடு போட்டு அட்டவணையாக்கினாள்.
பாதி நேரம் பேசியதென்னவோ
யார் யாரோடு பிரிந்தார்கள் என்பதுதான்.

வெள்ளி, பதினொன்று நாற்பது. கடைசி மணி.
மஞ்சள் பேருந்துகள் உறுமி நின்றன.
முட்டைகள் நான்கும் முட்டைகளாகவே இருந்தன.

"கோடையில் கேட்டைப் பூட்டிவிடுவீர்களா?"
காலன் கேட்டது என்னிடம் இல்லை.
"பூட்டுவோம்," என்றார் ஸ்ட்ரோ,
கூம்பு ஒன்றை நிமிர்த்தி வைத்தபடி.
"வேலியில் ஓட்டை எங்கே என்று
உனக்குத்தான் தெரியுமே."