கார்ப்பு வசம்

வேதத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வசனம்.
அதுவும் அவனைப் பற்றியதல்ல,
ஒரு மேலங்கியைப் பற்றியது.

சிறையில் ஒரு கிழவருக்குக் குளிர்கிறது.
துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த அங்கி
நினைவுக்கு வருகிறது. கூடவே சில புத்தகங்கள்,
முக்கியமாய்த் தோல்சுருள்கள்.
வருகிறவன் எடுத்துவரட்டும், மாரிக்கு முன்.

அவ்வளவுதான் கார்ப்பு.
சுவரில் ஓர் ஆணி;
அங்கியை மாட்டியதும் ஆணி மறைந்துவிடுகிறது.
கடிதத்தின் கடைசியில் பேர்பேராய் வாழ்த்துகள்.
தேடிப் பார்த்தேன். அவனுக்கு இல்லை.

'வசம்' என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.
இரவல் இல்லை, அடகு இல்லை, தானமும் இல்லை.
கையில் இருக்கும், கைக்குச் சொந்தமில்லை.
தன்வசம் இழந்தான் என்கிறோமே,
அந்த வசம்தான் இதுவும்.

மீதியை நானே நெய்துகொள்கிறேன்;
பொய்யென்றால் என் பொய்.

கருவாலிக் கொட்டை ஓடுகளைத் தோல் பதனிடுவோருக்கு
மூட்டை மூட்டையாய் விற்பவன். இடது முட்டியில் வலி.
எழுத்தறிவு மூட்டை எண்ணும் அளவுக்கு.
வெயில் கொளுத்திய ஒரு காலை, விருந்தாளி
ஆசோ வரை நடந்தே போவதாகச் சொல்லி,
"இதைச் சுமக்க முடியாது, இங்கே கிடக்கட்டும்" என்றார்.
எத்தனை நாள் என்று இவன் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும் என்று
அம்மியா பிற்பாடு பலமுறை சொன்னாள்.

ஆட்டு ரோம அங்கி. ஈரக்காற்று பட்டால்
வீடு முழுக்கக் கிடா நாற்றம்.
"யார் வீட்டு ஆட்டை உள்ளே கட்டிவைத்திருக்கிறாய்?"
என்றாலும், பூச்சி அண்டாமலிருக்க
மடிப்புக்குள் கசப்புத் தழை செருகியவள் அவள்தான்.

சுருள்கள் ஐந்து. மாதம் ஒருமுறை
விரித்துத் தூசி தட்டுவான்.
எறும்புச் சாரியாய் எழுத்துகள்.
எது தலை எது கால் என்று புரியாமல்
ஒருமுறை தலைகீழாய்ச் சுருட்டி, பயந்து,
மறுபடி விரித்தான்.
உலகம் கேட்கவிருந்த சொற்களா,
கூடாரத் துணிக்கு யாரோ வைத்த கடன் கணக்கா?
அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.
எதுவானாலும் அதே கவனம்தான் கொடுத்திருப்பான்.

மூன்றாம் குளிர்காலம். தெனெதோஸ் தீவைத் தாண்டி
வாடை வந்து கதவை இடித்தது.
சின்ன மகள் மிர்த்தாலேவுக்குக் காய்ச்சல்.
இருந்த கம்பளம் எல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.
அம்மியா ஆணியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் பார்த்தான்.
புனிதர் கதையென்றால் இந்த இடத்தில் தூதன் வருவான்.
இங்கே ஒரு மனிதன் முட்டியைப் பிடித்தபடி எழுந்து
அங்கியை எடுத்துக் குழந்தைமேல் போட்டான்.
விடியும்வரை அதன் ஓரத்தை விடாமல்
உட்கார்ந்திருந்தான், திருடனைப் போல.
விடிந்ததும் வெயிலில் உதறினான்.
கழுத்தோரம் சிக்கிய ஒரு சுருள்முடியை
எடுக்க மறந்தான்.
அல்லது எடுக்கவில்லை.

திராட்சை அறுவடை முடிந்த வாரம் ஆள் வந்தது.
அடையாளம் சொன்னான்,
தோளில் தையல் பிரிந்த இடம் உட்பட.
கார்ப்பு எண்ணிக் கொடுத்தான்:
அங்கி ஒன்று, புத்தகம் நான்கு, சுருள் ஐந்து.
"ஒரு ராத்திரி மட்டும்..." என்று தொடங்கினான்.
கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்றான் வந்தவன்.

போய்ச் சேர்ந்ததா? மாரிக்கு முன்பா, பின்பா?
வாளுக்கு முன்பா, பின்பா?
வேதம் சொல்லவில்லை.
கார்ப்புக்கும் யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலி ஆணியில் அம்மியா வெங்காயச் சரத்தை மாட்டினாள்.
அவன் எழுந்துபோய் அதைக் கழற்றி
கதவுப் பக்கத்து ஆணிக்கு மாற்றினான்.
"இன்னும் யாருடையதை வாங்கி வைக்கப்போகிறாய்?"
என்றாள்.
பதில் இல்லை.
முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.