அலங்காரமாணோ

சித்தூர் கோர்ட்டில் எனக்கு ஒரு ஸ்டூல்,
சாட்சிக் கூண்டுக்கும் டைப்பிஸ்டுக்கும் நடுவில்.
வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று
கிழக்கிலிருந்து வரும் தமிழை வாங்கி
மலையாளமாகக் கொடுக்க வேண்டும்.
நாளுக்கு இவ்வளவு, பஸ் காசு தனி.

சேர்ந்த முதல் மாதம்
"அப்பா போன தையில தவறிட்டாருங்க" என்றாள் ஒருத்தி.
எனக்குத் தெரியாததா? பதற்றத்தில் வாய் முந்திவிட்டது.
அப்பா தவறு செய்தார் என்று கொடுத்துவிட்டேன்.
"என்ன தவறு?" என்றார் மாஜிஸ்திரேட்.
அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.
அன்றிலிருந்து எந்தச் சொல்லையும்
தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை,
தேங்காய் வாங்குகிற மாதிரி.

"ஊரே பார்த்துச்சு" என்பார்கள்.
எண்ணிச் சொல்லச் சொன்னால் மூன்று பேர்,
அதில் ஒன்று கைக்குழந்தை.
"எனக்கு அண்ணன் மாதிரி" என்றால்
அண்ணன் இல்லை என்று எழுதிக்கொள்ளலாம்.
மாதிரி நேர்மையான சொல்.
தான் வேறு, இது வேறு என்று தானே சொல்லிவிடும்.
மாதிரி இல்லாமல் வருவதுதான் கஷ்டம்.
"அவன் பாம்புங்க" என்றவளை
குறுக்கு விசாரணையில் வக்கீல் சுசீலன் கேட்டார்:
எத்தனை அடி நீளம்?
கோர்ட் சிரித்தது.
(நாற்காலிகள் சிரிக்கவில்லை. பதினோரு பேர்.
எனக்கு இந்த வியாதி தொற்றிவிட்டது.)

இன்றைக்கு மடை வழக்கு.
ராக்கியண்ணன் சொன்னதாக நாச்சிமுத்து சொன்னது:
"இன்னொருக்கா மடைய அடைச்சீன்னா
ஒந்தலைய எடுத்து அந்த மடையிலயே வெச்சிருவேன்."

கொடுத்தேன்.
தலை தலையாகவே போனது, மடை மடையாக.
வயலில் நின்று கத்தும் தொண்டை மட்டும்
இந்தப் பக்கம் வர மறுத்துவிட்டது.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது அலங்காரமாணோ?"

நான் வாய் திறப்பதற்குள் ராக்கியண்ணன்,
"அலங்காரமெல்லாம் ஒண்ணும் பண்ணலீங்க சாமி,
இந்தச் சட்டைகூட மச்சினனுது."

பள்ளிக்கூடத்தில் உயர்வு நவிற்சிக்கு ஐந்து மார்க்.
இங்கே,
தலை என்றால் தலையேதான் என்று முடிவானால்
ஏழு வருஷம் வரை போகும்.
வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
விடை வரியில் இல்லை.

"கையில் என்ன இருந்தது?"
"மம்முட்டிங்க."
கோர்ட் நிமிர்ந்தது.
"ஓங்கினாரா?"
நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.
ஒரு பொய்க்குத் தாராளமாக நேரம் இருந்தது.
மேலே மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது.
"இல்லீங்க. சேறு வழிச்சுட்டு இருந்தான்.
மடையில நிக்கறவன் கையில
வேற என்னங்க இருக்கும்?"

"நிங்கள் தம்மில் எந்தா பந்தம்?"
"பங்காளிங்க."
டைப்பிஸ்ட் சுமாவின் விரல் நின்றது.
அவள் மொழியில் பங்காளி என்றால் வாழ்க்கைத் துணை.
அது இல்லை என்றேன்,
ஒரே தாத்தாவின் வயலை
ஆளுக்குப் பாதியாகக் குடிப்பவர்கள்.
அலங்காரமாணோ என்று இந்தமுறை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
'சொல்லுக்குச் சொல் சரி' என்ற வரிக்குக் கீழே
கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பாலத்தில் நெரிசல். கீழே ஆறு.
இந்த இடத்தில் அதற்குச் சோகநாசினி என்று பெயர்,
துயரத்தை அழிப்பவள்.
அவள் தண்ணீருக்காக அடித்துக்கொண்டு
இந்த வருஷம் என் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றவர்கள்
நாற்பத்திரண்டு பேர். எண்ணியிருக்கிறேன்.

முன் சீட்டில் ராக்கியண்ணன்.
நாலு வரிசை தள்ளி நாச்சிமுத்து, ஜன்னல் பக்கம் முகம்.
கண்டக்டர் வந்தபோது ராக்கியண்ணன்
வேலந்தாவளம் என்று சொல்லி
இரண்டு விரலைக் காட்டினார்.
திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது யாருக்கு என்று
நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.
மச்சினனும் பஸ்ஸில் இருந்திருக்கலாம்.