பதினோரு இலை

மாலை ஏழு மணிக்கு அது கேட்கும்:
இன்று எத்தனை?

பள்ளிகொண்டா டோல்கேட்டில்
வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும் நேரம்.
முதுகில் ஆம்பூர் ஷூ பெட்டிகள்,
விடிவதற்குள் துறைமுகம்.
சட்டைப்பைக்குள் செல்போன்
கோழி இறகு உதறுவதுபோல ஒருமுறை உதறும்.

டிரைவர்களுக்கான கண் முகாமில் ஏற்றிக் கொடுத்தது.
பெயர் கேட்டாள் ஹெலன் சிஸ்டர்.
ஏகாம்பரம் என்றேன்.
"பொய் சொன்னாலும் பரவால்லண்ணே,
தெனம் பதில் மட்டும் சொல்லிடுங்க."

கணக்கில் கெட்டி அது.
நான் ஒன்று என்று எண்ணிவந்த குவார்ட்டரை
ஆறு என்று எழுதுகிறது.
இருபது வருஷத்தை ஆறால் பெருக்கிப் பார்க்க
அன்று தைரியமில்லை.
பூஜ்யம் என்று அழுத்தினேன்.
வாயில் பிராந்தி காயவில்லை.

நல்லது ஏகாம்பரம், என்றது.
ஒரு பச்சை இலை விட்டது.

ஊதச் சொல்லவில்லை.
ஜமுனா மாதிரி சட்டையை மோந்து பார்க்கவில்லை.
மச்சான் மாதிரி கற்பூரத்தை ஏற்றிக் கையை நீட்டச் சொல்லவில்லை.
நம்பிவிட்டது.

என்னை ஒருவர் நம்பி
எத்தனை காலமாயிற்று என்று
வாலாஜா தாண்டும்வரை யோசித்தேன்.

பதினோரு நாள், பதினோரு பூஜ்யம்.
கண்ணாடிக்குள் வேரில்லாமல் ஒரு செடி.
சார்ஜில் கிடந்ததை எடுத்துப் பார்த்த ஜமுனா
"நல்லா தழச்சிருக்கு" என்றாள்.
குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள்
ஒன்பது என்று அழுத்தினேன்.
ஒரு இலை பழுத்து உதிர்ந்தது.
திட்டவில்லை.
நாளைக்கு ஏழு முடியுமா, என்று
மண்டித் தெரு வெங்காயக்காரர் மாதிரி பேரம் பேசியது.
முடியவில்லை. எட்டு.
அதற்கும் சரி என்றது.

சனிக்கிழமை கேள்விகள் வேறு.
நேற்றிரவு யாருடனாவது இருந்தீர்களா?
உறை பயன்படுத்தினீர்களா?
ஆம். இல்லை. நினைவில்லை.

அந்த மூன்றாவது பட்டனை வைத்தவர்
யாரென்று தெரிந்தால்
ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.
ஓச்சேரி தாண்டி, மழை,
விளக்கணைத்த ஓர் அறை, வளையல் சத்தம்,
அதற்குமேல் வெறும் சுண்ணாம்புச் சுவர்.
சீட்டுக்கடியில் வைத்திருந்த நிரோத் பாக்கெட்
காலையிலும் அங்கேயே இருந்தது,
பிரிக்காமல்.

நினைவில்லை என்பது
அதுவரை என் சாக்கு.
அன்று என் முதல் உண்மை.

அடுக்கம்பாறைக்குப் போ என்றது, வழி காட்டியது.
பெரியாஸ்பத்திரியில் அந்த அறைக்குப் பெயர்
நம்பிக்கை மையம்.
பலகையைப் படித்துவிட்டு
வெளியே நின்று ஒரு பீடி முழுக்கப் பிடித்தேன்.
உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, நம்பர்தான்.
நாற்பத்தி மூணு.
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த
நாற்பத்தி நாலு
என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதைக்கு ஒன்றுமில்லை,
மூன்று மாதம் கழித்து மறுபடி வாங்க, என்றார்கள்.
மூன்று மாதம்.
தொண்ணூறு ஏழுமணிகள்.

நேற்று புதிதாய் ஒன்று கேட்டது:
உங்கள் மனைவிக்குத் தெரியுமா?
ஆம். இல்லை. பிறகு கேள்.
பிறகு கேள்.

இன்று கேட்டது.
மறப்பதே இல்லை அது.
விரல் போய்ச் சேர்வதற்குள்
கேள்வியை மூடிக்கொண்டு அவள் பெயர் எரிந்தது.

"சாப்ட்டியா?"

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
இரண்டு அர்த்தம்.
கல்யாணமான நாளிலிருந்து
சுலபமானதற்கே பதில் சொல்லிவந்தேன்.

முன்வண்டி நகர்ந்துவிட்டது.
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.

"எதக் கேக்கற ஜமுனா?"

அந்தப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த ஏதோ
அடங்கியது.
அடுப்பை அணைத்திருக்கிறாள்.